விளக்கு வெளிச்சம் போதும்

எங்கள் வீட்டில் பாட்டியின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. என் சித்தப்பாவின் கல்யாணத்தின்போது எடுத்தது. அடுக்களைத் திண்ணையில் உட்கார்ந்து, இருபத்தைந்து வாட் பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில், பாட்டி வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த யாரோ என்னமோ சொல்ல, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாட்டி சிரித்தால் முதலில் தோள்தான் குலுங்கும். சத்தம் அப்புறம்தான் வரும். போட்டோக்காரர் அதைக் கவனித்துவிட்டார். ரசிகர்தான், குறை சொல்லக் கூடாது. காமிராவைத் தூக்கிக்கொண்டு, "பாட்டி, இங்கே பாருங்கோ" என்றார். பளிச்சென்று ஒரு மின்னல் அடித்தது. படத்தில் இன்று இருப்பது வேறு யாரோ ஒரு கிழவி. முகம் வெள்ளையடித்த சுவர் மாதிரி இருக்கிறது. கண்கள் மிரண்ட பசுவின் கண்கள். முதுகுக்குப் பின்னால் கன்னங்கரேலென்று ஒரு நிழல். அந்த மஞ்சள் வெளிச்சமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

தவறு அந்த மனிதருடையது அல்ல. இருட்டான அறையில் படம் எடுக்க வேண்டுமென்றால் ஒன்று வெளிச்சத்தைக் கொண்டுவர வேண்டும்; இல்லாவிட்டால், இருக்கிற வெளிச்சத்தையே ஒரு சொட்டு சிந்தாமல் வாரிக் கொள்ளக்கூடிய லென்ஸ் வேண்டும். முதல் வழி சுலபமானது. இரண்டாவது வழியை உலகத்துக்குக் காட்டிக் கொடுத்தவர் பெர்லின் நகரத்து வக்கீல் ஒருவர். வக்கீல் என்றால், சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு வக்கீல் தொழிலே செய்யாதவர். பெயர் எரிக் ஸாலமன்.

அவர் கதைக்குப் போவதற்கு முன் கண்ணாடியின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். கணக்கு என்றால் எனக்கும் காத தூரம்தான். இன்டர்மீடியட்டில் கணக்குப் பரீட்சையன்று நான் வேண்டாத தெய்வம் இல்லை. ஆனாலும் இந்தக் கணக்கு அவ்வளவு பொல்லாததல்ல. லென்ஸ் எவ்வளவு தூரத்தில் உருவத்தைக் குவிக்கிறதோ, அந்தத் தூரத்தை லென்ஸின் வாயகலத்தால் வகுத்தால் வருகிற எண்தான் எஃப் எண். பத்து சென்டிமீட்டர் லென்ஸுக்கு ஐந்து சென்டிமீட்டர் வாய் இருந்தால் எஃப் 2. எண் சிறுக்கச் சிறுக்க வாய் பெரிது. வெளிச்சமோ அந்த எண்ணின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடும். அந்த நாளில் நல்ல லென்ஸ் என்று பெயர் வாங்கியிருந்தது எஃப் 4.5. அதிலிருந்து எஃப் 2க்கு வந்தால் இரண்டு மடங்கு வெளிச்சம் அல்ல, ஐந்து மடங்கு.

அப்படியானால் வாயை அகலமாக வைத்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அகலமான கண்ணாடியின் ஓரங்களில் வளைந்து வருகிற கிரணங்கள் நடுவில் வருகிறவற்றோடு ஓரிடத்தில் வந்து சேரா. படம் கூழாகிவிடும். 1840-ல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் இந்தச் சண்டையைக் காகிதத்தில் தீர்த்து வைக்கப் புறப்பட்டார். கணக்குப் போட ஆள் போதவில்லை. பீரங்கிப் படையிலே குண்டு விழும் தூரத்தைக் கணக்கிடத் தெரிந்த சிப்பாய்களை அவருக்கு இரவலாகக் கொடுத்தார்கள். பீரங்கிக்காரர்கள் கணக்குப் போட்டு மனிதர் முகத்தைப் படம் எடுக்க லென்ஸ் பிறந்தது என்பது சரித்திரத்தின் குறும்புகளில் ஒன்று. அது எஃப் 3.6. அந்தக் காலத்துக்கு அது ராட்சச வேகம். ஆனால் நடுப்பாகம் மட்டுமே தெளிவு. அதன் பிறகு எண்பது வருஷங்கள், லென்ஸ்காரர்கள் வேகத்தைவிட ஓரத் தெளிவிலேயே அதிகக் கவலையாக இருந்தார்கள்.

ஆகையால் வீட்டுக்குள்ளே, ராத்திரியில், படம் எடுப்பதற்கு மெக்னீஷியம் பொடிதான் கதி. ஒரு தட்டில் பொடியைக் கொட்டிக் கொளுத்துவார்கள். டப்பென்ற சத்தத்தோடு வெளிச்சம். பிறகு புகை, பிறகு வெள்ளைச் சாம்பல், விருந்தினர் கோட்டின் மேலும் சூப்பின் மேலும். பெரிய மந்திரிகளின் மகாநாடுகளிலே போட்டோக்காரர்களை வாசலோடு நிறுத்தியதற்குக் கௌரவம் மட்டும் காரணமல்ல. உள்ளே விட்டால் மேஜை விரிப்பு கருகும். எனவே வெளியே படிக்கட்டில் எல்லோரும் வரிசையாக நின்று, தொப்பியைக் கழற்றி, மார்பை நிமிர்த்திக் கொள்வார்கள். அக்காலத்துப் பத்திரிகைகளைப் புரட்டினால் உலகத்தை ஆண்டவர்கள் எல்லாரும் படிக்கட்டிலேயே வாழ்ந்தார்கள் என்று எண்ணத் தோன்றும்.

1924-ல் டிரெஸ்டன் நகரத்து எர்னமன் கம்பெனி ஒரு சின்னக் காமிராவை வெளியிட்டது. எர்மனாக்ஸ் என்று பெயர். காமிரா என்பதைவிட, பெரிய லென்ஸின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்த சிறிய பெட்டி என்பதே பொருத்தம். லென்ஸின் பெயர் எர்னஸ்டார். முதலில் எஃப் 2. சீக்கிரத்திலேயே எஃப் 1.8. அதைக் கணக்கிட்ட லுட்விக் பெர்ட்டலே 1900-ல் பிறந்தவர். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வேண்டிய வயதில் இந்தக் காரியத்தைச் செய்து முடித்துவிட்டார். கண்ணுக்குத் தெரிகிறதா, அப்படியானால் படம் எடுக்கலாம் என்ற அர்த்தத்தில் கம்பெனி விளம்பரம் செய்தது. விளம்பரத்தில் இவ்வளவு உண்மை இருப்பது அபூர்வம்.

பெட்டி சிறியதாக இருந்ததில்தான் சூட்சுமம். ஸ்டுடியோக்காரர் வைத்திருந்த பெரிய காமிராவுக்கு இருபது சென்டிமீட்டருக்குக் குறையாத லென்ஸ் வேண்டும். அதை எஃப் 2 ஆக்கினால் வாய் மட்டும் பத்து சென்டிமீட்டர். அது காமிரா அல்ல, அண்டா. எர்மனாக்ஸில் நாலரைக்கு ஆறு சென்டிமீட்டர் கண்ணாடித் தட்டு. அதற்குப் பத்து சென்டிமீட்டர் லென்ஸ் போதும். படம் சிறிதானால் என்ன, பிறகு பெரிதாக்கிக் கொள்ளலாம் என்ற துணிவு அதிலே இருந்தது.

இந்தக் காமிரா கைக்கு வருவதற்குள் ஸாலமன் பல வேஷங்கள் போட்டுவிட்டார். 1886-ல் பெர்லினில் பணக்கார யூதக் குடும்பத்தில் பிறந்தார். விலங்கியல் படித்தார், விட்டார். எஞ்ஜினீயரிங் படித்தார், விட்டார். சட்டத்தை மட்டும் கடைசிவரை படித்தார். முதல் உலக யுத்தத்தில் பிரெஞ்சுக்காரர்களிடம் கைதியாகி, சிறை முகாமில் மொழிபெயர்ப்பாளராகக் காலம் தள்ளினார். திரும்பி வந்தபோது குடும்பச் சொத்தைப் பணவீக்கம் விழுங்கிக்கொண்டிருந்தது. வாடகைக்கு மோட்டார் விட்டுப் பார்த்தார். சவாரி செய்யும்போதே சட்ட ஆலோசனையும் உண்டு என்று விளம்பரமும் கொடுத்தார். இந்தத் துணிச்சலைக் கண்ட உல்ஸ்டைன் பத்திரிகை ஸ்தாபனம் அவரைத் தன் விளம்பர இலாகாவில் சேர்த்துக்கொண்டது. சுவர் விளம்பரங்களுக்கு இடம் கொடுத்த குடியானவர்கள் ஒப்பந்தப்படி நடக்கிறார்களா என்று பார்ப்பதும், நடக்காவிட்டால் கோர்ட்டுக்குச் சாட்சியம் சேர்ப்பதும் அவர் வேலை. சாட்சியத்துக்காகத்தான் முதலில் காமிராவைத் தொட்டார். அப்போது 1927, வயது நாற்பத்தொன்று. நாற்பதைத் தாண்டி இனி என்ன புதிதாகக் கற்பது என்று அலுத்துக்கொள்கிற எங்களைப் போன்றவர்கள் இந்த வரியை இரண்டு தரம் படிக்கலாம்.

1928 பிப்ரவரியில் பெர்லினில் ஒரு மாணவன் மீது கொலை வழக்கு நடந்தது. ஜெர்மனி முழுவதும் அதே பேச்சு. கோர்ட்டில் படம் எடுக்கக் கூடாது. ஸாலமன் தமது தொப்பியில் ஒரு துளை போட்டு, அதற்குப் பின்னால் எர்மனாக்ஸை ஒளித்து உள்ளே கொண்டுபோனார். சேவகன் சந்தேகப்பட்டுத் தட்டுகளைக் கேட்டபோது, உபயோகிக்காத தட்டுகளை மிகவும் வருத்தத்தோடு எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாராம். படங்கள் 'பெர்லினர் இல்லுஸ்ட்ரீர்ட்டே' பத்திரிகையில் வந்தன. விளம்பர இலாகாவுக்கு அத்தோடு நமஸ்காரம்.

இங்கே ஒரு சந்தேகத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. கூண்டில் நிற்கும் ஒரு பையனை அவனுக்குத் தெரியாமல் படம் எடுத்துப் பத்திரிகையில் போடுவது சரியா? சரியில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இங்கிலாந்தில் 1925-லேயே கோர்ட்டில் படம் எடுப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். அது தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் என் வாயை நானே மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ரயிலில் எதிர் பெஞ்சில் புருஷனும் மனைவியும் மெல்லிய குரலில் சண்டை போட்டால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டு, அடுத்த மாதம் அதையே கதையாக்குகிறவன் நான். என் தொப்பியிலும் துளை இருக்கிறது. ஸாலமனாவது பெரும்பாலும் பெரிய மனிதர்களைத்தான் குறிவைத்தார்.

பெரிய மனிதர்களை அவர் அணுகிய விதம் தனி. வால் வைத்த கறுப்புக் கோட்டு, வெள்ளை டை, கலையாத தலை, பல பாஷைகளில் சரளம். பார்த்தால் ஏதோ ஒரு நாட்டின் தூதர் என்றுதான் காவல்காரன் சல்யூட் அடிப்பான். 1928 ஆகஸ்டு 27-ந் தேதி பாரிஸில், இனி யுத்தமே வேண்டாம் என்று பதினைந்து நாடுகள் கையெழுத்துப் போட்டன. இந்தியாவின் பெயரும் அந்தப் பட்டியலில் உண்டு; நமக்காகப் போட்டவர் ஓர் ஆங்கிலேயப் பிரபு. அந்தச் சபையில் ஸாலமன் நிதானமாக நடந்துபோய், போலந்துப் பிரதிநிதிக்கென்று போட்டிருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்து, அங்கிருந்தே வேலையை முடித்தார் என்று சொல்வார்கள்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் வேஷமும் சாமர்த்தியமும்தான். உள்ளே இருந்த சிரமம் வேறு. எஃப் 1.8-ஐ முழுக்கத் திறந்து வைத்தால் பத்தடித் தூரத்தில் தெளிவாக விழும் பகுதியின் ஆழம் ஒரு சாண்கூட இல்லை. மூக்குக்குச் சரியாக வைத்தால் காது மங்கும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் நின்றால் ஒருவரைத் தியாகம் செய்ய வேண்டியதுதான். தேய்த்த கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் உருவத்தைப் பார்த்துச் சரிசெய்யலாம். ஆனால் தட்டைச் சொருகியவுடன் அதுவும் போயிற்று. அப்புறம் தூரத்தைக் கண்ணால் அளந்து வளையத்தைத் திருப்பவேண்டும். ஒன்பதடியைப் பத்தடி என்று நினைத்தால் படம் போச்சு.

தட்டுகளோ இன்றைய கணக்குப்படி மகா சோம்பேறிகள். அவ்வளவு பெரிய லென்ஸ் இருந்தும், அறை விளக்கில் கால் வினாடி, அரை வினாடி தேவைப்படும். கையில் பிடித்து எடுக்கிற காரியம் அல்ல. ஸ்டாண்டு வேண்டும், அல்லது மேஜை, அல்லது நாற்காலியின் முதுகு. அரை வினாடிக்கு எதிரில் இருப்பவரும் அசையக்கூடாது. "அசையாதீர்கள்" என்று சொன்னால் பாட்டியின் கதைதான். எனவே அசையாத நொடியை அவரே கண்டுபிடிக்க வேண்டும். மனிதர்களை உற்றுப் பார்த்தால் அந்த நொடிகள் இருப்பது தெரியும். பேசுகிறவன் கையை உயர்த்துகிறான். உச்சிக்குப் போனதும் கை ஒரு கணம் நிற்கிறது. கேட்கிறவன் பதிலை யோசிக்கும்போது கண் இமைக்க மறக்கிறான். பேசுகிறவரைவிடக் கேட்கிறவர்களே படத்துக்கு நல்லவர்கள். ஸாலமனின் படங்களில் இத்தனை பேர் கன்னத்தில் கை வைத்து, சாய்ந்து, முன்னால் குனிந்து காது கொடுத்துக்கொண்டிருப்பதற்கு அந்தச் சோம்பேறித் தட்டும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். எடுத்த பிறகு தட்டை உருவ வேண்டும், அடுத்ததைச் சொருக வேண்டும். ஒரு மாலைக்கு எத்தனை தட்டுகளைச் சட்டைப் பையில் கொண்டுபோக முடியும்? வீணாக்கத் துணிவு வராது. பொறுமைதான் அவருடைய இரண்டாவது லென்ஸ்.

1930 ஜனவரியில் ஹேக் நகரத்தில் ஜெர்மனி கொடுக்கவேண்டிய யுத்த நஷ்ட ஈட்டைப் பற்றி மகாநாடு. நள்ளிரவு தாண்டியும் பேச்சு முடியவில்லை. பிரெஞ்சு மந்திரிகளும் ஜெர்மன் மந்திரிகளும் சோபாக்களில் சரிந்து கிடக்கிறார்கள். தலை சாய்ந்துவிட்டது, உடுப்பு கசங்கிவிட்டது. கோடி கோடியாகக் கடன் கணக்குப் பேச வந்தவர்கள், கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட பிரயாணிகள் மாதிரி இருக்கிறார்கள். பொடியைக் கொளுத்தியிருந்தால் அத்தனை பேரும் துள்ளி எழுந்து மார்பை நிமிர்த்தியிருப்பார்கள். இந்த மனிதர்களா அத்தனை நாடுகளின் விதியைத் தீர்மானித்தார்கள் என்று அந்தப் படத்தைப் பார்த்து யாரும் கேட்கலாம். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. படிக்கட்டில் நின்ற பொம்மைகளிடம் எனக்கு எந்த அனுதாபமும் இல்லை. தூக்கம் கண்ணைச் சொக்கும் இந்த மந்திரிகளிடம்தான் வருகிறது.

அதற்கடுத்த வருஷம், 1931-ல், பாரிஸில் பிரெஞ்சு வெளிநாட்டு இலாகாவில் ஒரு விருந்து. ஸாலமன் எப்படியும் வந்திருப்பார் என்பது பிரியானுக்குத் தெரியும். கண்ணால் தேடிக் கண்டுபிடித்து, இதோ இருக்கிறார், மரியாதை கெட்டவர்களின் ராஜா என்று விரலை நீட்டினார். நீட்டிய விரல் ஸாலமனின் லென்ஸுக்கு நேரே இருந்தது. அந்தப் படம் இன்றும் இருக்கிறது. சுற்றியிருந்தவர்கள் சிரித்துக்கொண்டு திரும்புகிறார்கள். பிடிபட்ட திருடனும் பிடித்தவரும் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. எதிர்பாராத கணங்களில் எடுத்த பிரமுகர்களின் படங்களைத் தொகுத்து அவர் புத்தகம் வெளியிட்டதும் அதே வருஷம். 'காண்டிட் காமிரா' என்ற சொல்லை லண்டன் பத்திரிகை ஒன்று உண்டாக்கியது இவர் படங்களுக்காகத்தான்.

1932-ல் அமெரிக்காவுக்குப் போனபோது, கை ஒடிந்தவர்போல் கட்டுப் போட்டுத் தொங்கவிட்டு, அந்தக் கட்டுக்குள் காமிராவோடு அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டில் உட்கார்ந்தார். அந்தக் கோர்ட்டு விசாரணை நடத்திக்கொண்டிருக்கும்போது எடுத்ததாக வெளியுலகம் அறிந்த படங்கள் இரண்டே இரண்டு. ஒன்று இவருடையது. இன்றைக்கும் அங்கே காமிராவுக்கு அனுமதியில்லை.

அதே சமயத்தில் அவர் லைகாவுக்கு மாறிக்கொண்டிருந்தார். தட்டு இல்லை, சினிமாப் பிலிம் சுருள், முப்பத்தாறு படங்கள். எஃப் 2 லென்ஸானாலும் ஐந்து சென்டிமீட்டர்தான் என்பதால், முன்பு ஒரு சாண்கூட இல்லாத ஆழம் பத்தடித் தூரத்தில் ஏறக்குறைய ஒரு முழம் ஆயிற்று. ஒரு சாணுக்கும் ஒரு முழத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு முகத்துக்கும் இரண்டு முகங்களுக்கும் உள்ள வித்தியாசம். பெர்ட்டலேயும் சும்மா இருக்கவில்லை. எர்னமன் 1926-ல் ஜைஸ் இக்கான் கம்பெனியோடு சேர்ந்துவிட, அங்கே போய் ஸோன்னார் லென்ஸைக் கணக்கிட்டார். கண்ணாடி காற்றைத் தொடும் ஒவ்வொரு முகப்பிலும் நூற்றுக்கு நாலைந்து பங்கு வெளிச்சம் திரும்பி ஓடிவிடும்; ஓடுவது சும்மா போகாமல் உள்ளே அலைந்து, படத்தில் புகை படிந்தாற்போல் செய்யும். ஜன்னலோ விளக்கோ படத்துக்குள் வந்தால் கேட்கவே வேண்டாம். ஸோன்னாரில் பெர்ட்டலே கண்ணாடிகளை ஒட்டி ஒட்டி மூன்றே கட்டுகளாக்கிவிட்டார். கண்ணாடிக்குப் பூச்சுப் பூசி அந்த ஓட்டத்தைத் தடுக்கும் வித்தையை அதே ஜைஸில் 1935-ல்தான் கண்டுபிடித்தார்கள்.

இன்று நம் சட்டைப் பையிலுள்ள டெலிபோன் இந்தக் கஷ்டம் எதையும் அறியாது. ஆனாலும் இருட்டு அறையில் படம் எடுக்கிறவன் இன்றும் அதே பேரத்தைத்தான் பேசுகிறான்: வாயைத் திறந்தால் ஆழம் போகிறது, நேரத்தை நீட்டினால் அசைவு தெரிகிறது, வேகத்தைக் கூட்டினால் படம் ரவை ரவையாக உதிர்கிறது. எதை விட்டுக்கொடுப்பது என்பதுதான் கேள்வி.

1933-ல் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். ஸாலமனின் மனைவி டச்சுக்காரி. குடும்பம் ஹேக் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. மந்திரிகள் தூங்கிப்போன அதே ஹேக். அமெரிக்காவிலிருந்து 'லைஃப்' பத்திரிகை கூப்பிட்டது. போகவில்லை. அந்த நாளில் பல பேருக்கு ஏற்பட்ட தயக்கம்தான்: வீடு இருக்கிறது, பாஷை தெரிகிறது, இவ்வளவு தூரமா வந்துவிடப் போகிறார்கள். 1940 மே மாதம் வந்துவிட்டார்கள். 1943-ல் ஸாலமனும் மனைவியும் இளைய மகனும் ஒளிந்து வாழத் தொடங்கினார்கள். அவர்கள் பதுங்கியிருந்த வீட்டில் கேஸ் மீட்டர் பார்க்க வந்தவன், வீட்டிலிருந்தவர்களின் எண்ணிக்கைக்கு இவ்வளவு செலவாகாதே என்று கவனித்துக் காட்டிக் கொடுத்தான் என்று சொல்லப்படுகிறது. எத்தனையோ வாசல்களில் யார் கண்ணிலும் படாமல் நுழைந்த மனிதர். முதலில் தெரேசியன்ஸ்டாட் முகாம். 1944 மே மாதம் ஆஷ்விட்ஸ். அந்த ஜூலை 7-ந் தேதி இறந்ததாகச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்கு. மனைவியும் இளைய மகனும் திரும்பவில்லை.

மூத்த மகன் இங்கிலாந்தில் இருந்ததால் பிழைத்தார். யுத்தம் முடிந்ததும் ஹாலந்துக்கு வந்து தகப்பனாரின் நெகடிவ்களைத் தேடினார். ஸாலமன் அவற்றைப் பங்கு பிரித்து வைத்திருந்தார். ஒரு பகுதியைச் சிநேகிதர் வீட்டுக் கோழிக் கொட்டிலில் மண்ணுக்கடியில் புதைத்திருந்தார். இன்னொரு பகுதியை டச்சுப் பார்லிமெண்டின் நூல் நிலையத்தில் ஒளித்திருந்தார். மண்ணிலிருந்து எடுத்தவற்றில் பல ஈரம் தாக்கி, உருவம் கரைந்து, வெறும் கண்ணாடித் துண்டுகளாகியிருந்தன. நூல் நிலையத்திலிருந்தவை வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன. அவை இப்போது பெர்லினில் இருக்கின்றன.